காய்ச்சல் ஜன்னி என்று எழுதி முடித்துவிடலாமா?

கோவில்பட்டி வட்டாரத்தில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கைகால் வெட்டி இழுத்தால், வீட்டில் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். இரும்பைக் கையில் திணிப்பார்கள். பல் கிட்டியிருந்தால் கரண்டிக் காம்பை வாயில் நுழைக்கப் பார்ப்பார்கள். யாராவது வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே கொண்டுவருவார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இழுப்பு தானாக அடங்கும். நல்ல பெயர் சாவிக்குப் போய்விடும். எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் என்று கரிசல் பரந்து கிடக்கும் பக்கமெல்லாம் இதை ஜன்னி என்பார்கள், வெட்டு என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் அது 'காய்ச்சல் வலிப்பு' ஆகிறது. மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் சரிதான். மிச்சமுள்ள சிலரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர்களுக்குக் காய்ச்சலும் இருக்கும், வலிப்பும் இருக்கும். ஆனால் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

சாதாரண ஜன்னி எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெற்றவர்களுக்கு வீண் பயம். ஆறு மாதத்துக்கு மேல், ஐந்து வயதுக்குள், வளர்ச்சியில் குறையில்லாத பிள்ளை. காய்ச்சலின்போது உடம்பு முழுக்க இழுக்கிறது. பதினைந்து நிமிடத்துக்குள், பெரும்பாலும் ஐந்துக்குள், அடங்குகிறது. அந்த 24 மணி நேரத்தில் மறுபடி வரவில்லை. சற்று நேரத்தில் பிள்ளை தெளிந்து அம்மாவைத் தேடி அழுகிறது. இது எளிய காய்ச்சல் வலிப்பு. நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு முறையும் வரும். அமெரிக்காவில் கேரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பெர்க்கும் இப்படி வலிப்பு வந்த 1,706 பிள்ளைகளை ஏழு வயது வரை பின்தொடர்ந்து 1976இல் வெளியிட்ட கணக்குதான் இன்றைக்கும் அடிப்படை. அவர்களில் பிற்பாடு கால்கை வலிப்பு நோய் கண்டது நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். இந்த ஜன்னியால் மூளை மழுங்காது, படிப்பு கெடாது. சிடி ஸ்கேனும் வேண்டாம், இ.இ.ஜி.யும் வேண்டாம். பாராசிட்டமாலை மணி தவறாமல் கொடுத்தாலும் அடுத்த ஜன்னியைத் தடுக்க முடியாது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த மருந்து பிள்ளையின் உடம்பு நோவுக்கு, அவ்வளவுதான்.

என் மனக்குறை ஒன்று உண்டு. ஒன்றும் தேவைப்படாத எளிய ஜன்னிக்கு நம் ஊரில் ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். படத்தில் ஒன்றுமில்லை என்றதும் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதும், பிள்ளையின் உடுப்பை முழுக்கக் கழற்றி உடம்பைப் பார்ப்பதும், அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்பதும் பல நேரம் விட்டுப்போகின்றன. இந்த மூன்றுக்கும் செலவு ஒன்றுமில்லை. அரிய காரணங்கள் பலவும் இவற்றில்தான் பிடிபடுகின்றன.

மழைக்குப் பிந்தைய கரிசலிலிருந்து தொடங்குவோம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இங்கே வெள்ளாமை. அந்த மழையில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் ஏறி நிற்கும். வரப்பெல்லாம் புல், ஓடையோரம் வேலிக்கருவேல் புதர். எலியும் மூஞ்சூறும் அந்தப் புதரில் குடியிருக்கும். அங்கே வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு உண்ணியின் குஞ்சு, புல்லில் உட்கார்ந்த ஆளையும் விளையாடப் போன பிள்ளையையும் கடிக்கும். அதில் வருவது ஸ்க்ரப் டைபஸ். நம் பத்திரிகைகள் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுகின்றன. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. மூளையின் சிறு குழாய்களைத் தாக்கும்போது பிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் வருகின்றன.

இந்த நோய் தன்னை மறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன். ஐந்தாறு நாளாக விடாத காய்ச்சல், முகத்தில் லேசான வீக்கம், வயிறு உப்பல், ஈரலும் மண்ணீரலும் தட்டுப்படும், தட்டணு குறைந்திருக்கும். டெங்கு என்று நினைக்க எல்லாமே தோதாக இருக்கும். காட்டிக்கொடுப்பது ஒரே ஒரு பொருக்கு. உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்து, சுற்றிலும் சிவந்து, ஒரு காசு அளவுகூட இருக்காது. வலிக்காது, அரிக்காது, ஆகவே பிள்ளையும் சொல்லாது, தாயும் கவனித்திருக்கமாட்டார். அக்குள், தொடையிடுக்கு, காதுமடலுக்குப் பின்னால், பிட்ட மடிப்பு, அரைஞாண் கயிற்றுக்கு அடியில், பையன்களுக்கு விதைப்பையில் என்று துணியும் மடிப்பும் இருக்கும் இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும். கயிற்றைச் சற்றே தூக்கிப் பார்க்காத டாக்டருக்கு அது கிடைக்காது. எல்லாருக்கும் பொருக்கு இருக்கும் என்றும் இல்லை.

பிடிக்காமல் விட்டால் என்ன நஷ்டம்? காய்ச்சலோடு வலிப்பு என்று வரும் பிள்ளைக்கு வழக்கமாக ஏற்றுவது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. மூளைக்காய்ச்சல் கிருமிகள் பலவற்றுக்கு அது அருமையான மருந்து. ஸ்க்ரப் டைபஸ் கிருமியிடம் அது செல்லாது. அதற்கு வேண்டியது டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோதான். இரண்டும் மலிவு. தொடங்கி ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்குவதே நோயைக் கிட்டத்தட்ட உறுதிசெய்துவிடும். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பிள்ளைகள் மூளை அழற்சியில் இறந்துகொண்டிருந்தார்கள். நெடுங்காலம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மேல்தான் பழி விழுந்தது. 2015க்குப் பிறகு சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வுகளில் அந்தப் பிள்ளைகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸின் தடயம் கிடைத்தது. பல ஆண்டுகளாகத் தேடிய எதிரி புல்லில் இருந்திருக்கிறது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் தமிழ்நாட்டோடு பழைய உறவு உண்டு. இந்தியாவில் அது நோயாளிகளிடம் முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூரில். நெல்வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவும், பன்றியும், நாரை கொக்கு போன்ற நீர்ப்பறவையும் சேர்ந்த இடத்தில் அது தழைக்கும். மானாவாரிக் கரிசலில் அதற்கு இடம் குறைவு. விடுமுறைக்கு ஆற்றுப்பாசன ஊருக்குப் போய்வந்த பிள்ளை என்றால் கணக்கு வேறு. மகாராஷ்டிரத்தில் 1965இல் கண்டறியப்பட்ட சண்டிபுரா வைரஸ் மணல் ஈயால் பரவுவது. 2003இல் ஆந்திரத்தில் 329 பிள்ளைகளைத் தாக்கி 183 பேரைக் கொன்றது, 2024இல் குஜராத்தில் தலைகாட்டியது. காலையில் காய்ச்சல், மாலையில் மயக்கம் என்ற வேகம் அதற்கு உண்டு. இங்கே அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. வடக்கே வேலைக்குப் போன குடும்பம் திரும்பி வந்திருந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

பாக்டீரியாவால் வரும் மூளைச்சவ்வுக் காய்ச்சலின் கதை மாறியிருக்கிறது. ஹிப் கிருமிக்கான மருந்து சேர்ந்த ஐந்துநோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் சேர்ந்தது. இரண்டும் போட்ட பிள்ளைக்கு இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சலோடு இழுத்தால் மட்டும் ஜன்னி என்ற பேச்சுக்கே இடமில்லை. மூளைச்சவ்வுக் காய்ச்சல் இல்லை என்று தெரியும்வரை அதுதான் என்று நடத்த வேண்டும். அதற்கு முதுகில் ஊசிபோட்டு நீர் எடுக்க வேண்டிவரும். "முதுகுத்தண்டுல ஊசி போட்டா காலு போயிரும் டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது; காலுக்கு ஒன்றும் ஆகாது. காசநோய் மூளைச்சவ்வைத் தாக்குவது இன்னும் நயவஞ்சகமானது. இரண்டு வாரமாகச் சன்னக் காய்ச்சல், பிள்ளை விளையாடப் போகவில்லை, காலையில் வாந்தி, பிறகு ஒரு நாள் வலிப்பு. வீட்டில் இருமும் தாத்தா ஒருவர் இருப்பார். அவரைப் பற்றிக் கேட்டால்தான் நோய் தெரியவரும்.

தொற்றை விட்டுச் சர்க்கரைக்கு வருவோம். பீகாரின் முசாஃபர்பூரில் 2014ஆம் ஆண்டு கோடையில் சுமார் ஏழு வாரத்தில் இரண்டு மருத்துவமனைகளில் 390 பிள்ளைகள் வலிப்பும் மயக்கமுமாகச் சேர்ந்தார்கள். 122 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கத்து மக்கள் அதற்கு வைத்திருந்த பேரிலேயே காய்ச்சல் என்ற சொல் இருந்தது. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சேர்க்கும்போது காய்ச்சலே இல்லை. ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. பகலெல்லாம் தோப்பில் லிச்சிப் பழம் தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த பிள்ளைகள். உடம்பு கொழுப்பிலிருந்து சக்தி எடுப்பதை அந்தப் பழத்திலுள்ள ஒரு நச்சு தடுத்துவிடுகிறது; விடியற்காலையில் மூளைக்குத் தீனி இல்லை. ராச்சாப்பாடு கட்டாயம், வலிப்பு வந்தால் உடனே சர்க்கரை பார்த்து குளுக்கோஸ் ஏற்று என்ற இரண்டே அறிவுரையை வலியுறுத்தினார்கள்.

லிச்சி நம் பக்கம் விளையாது. ஆனால் அதன் தம்பி நம் தெருவோரத்தில் நிற்கிறது. பேயாவிரை, பொன்னாவிரை என்று சொல்லும் மஞ்சள் பூச் செடி, மழை பெய்ததும் புறம்போக்கெல்லாம் முளைப்பது. மேற்கு உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோரில் குளிர்காலத்துக்கு முன்னால் ஏழைக் குழந்தைகள் கூட்டமாக வாந்தி, மயக்கம், வலிப்பு என்று விழுந்து இறந்தபோது, வைரஸ் காய்ச்சல் என்றே பல ஆண்டுகள் எழுதினார்கள். அங்கே குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜானும் துருவி, அந்தப் பிள்ளைகள் இந்தச் செடியின் பச்சைக் காயைத் தின்றிருந்தார்கள் என்று 2007 வாக்கில் நிறுவினார்கள். ஈரல், தசை, மூளை மூன்றையும் அந்த விதை கெடுக்கிறது. ஊரில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இப்படி வந்தால், என்ன தின்றார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். அப்பா அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

நச்சோ செடியோ இல்லாமலும் சர்க்கரை இறங்கும். காய்ச்சலில் இரண்டு வேளை வாயை மூடிக்கொண்ட மெலிந்த பிள்ளைக்கு விடிகாலையில் வலிப்பு வந்தால் அதை முதலில் நினைக்க வேண்டும். உப்பும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்து, 'கெட்டியா இருந்தா நல்லா கேக்கும்' என்று புகட்டினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். வெறும் தண்ணீராகவே கொடுத்தால் இறங்கியும் வரும். வெயில் முகம் காணாமல் வளரும், கால் வளைந்த பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரலாம். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் உறங்கிய சிசுவுக்கு உடம்பு கொதித்து இழுத்தால் அது காய்ச்சலே அல்ல, வெப்பத்தாக்கு; பாராசிட்டமால் ஒரு இம்மியும் வேலை செய்யாது, தண்ணீரை ஊற்றி விசிறித்தான் இறக்க வேண்டும்.

வீட்டு வைத்தியமே வலிப்பைக் கொண்டுவருவது உண்டு. சளிக்காய்ச்சல் என்றதும் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். சிலர் துணியில் முடிந்து கழுத்தில் கட்டுகிறார்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். வாய்க்குள் போனால் சில நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பைக் கிளப்பும். அமெரிக்காவில் தோலில் பூசும் மருந்தில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்று 1980களிலேயே சட்டம் போட்டார்கள். பூஜைக்கு விற்கும் வில்லைக்கு அப்படி எந்த அளவும் இல்லை, முழுக்கவும் கற்பூரம்தான். யூகலிப்டஸ் தைலத்துக்கும் இதே குணம் உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் நரம்பியலாளர்கள் இத்தகைய தைல வலிப்புகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். தைலத்தை நிறுத்தினால் வலிப்பும் நிற்கிறது. தடவியது என்ன என்று கேட்காத இடத்தில் அந்தப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்னும்.

பருத்திக்கு அடித்த மருந்தின் மிச்சத்தைப் பேனுக்காகத் தலையில் தேய்ப்பதும் இந்த வகைதான். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடைசெய்தது. நரம்பைத் தூண்டி வலிப்பு உண்டாக்குவதில் அது பேர்போனது. இன்றைக்கு வீட்டில் கிடக்கும் பூச்சிமருந்துப் புட்டிகளும் பிள்ளைக்கு ஆகாதவையே.

இன்னொன்று ஆஸ்பத்திரியிலேயே உண்டாவது. காய்ச்சலோடு வாந்தி என்று போன பிள்ளைக்கு வாந்தி நிற்க மெட்டோகுளோபிரமைடு ஊசி போடுகிறார்கள். சில மணி நேரத்தில் பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம் திருகும், கண்விழி மேலே செருகும், நாக்கு தள்ளும். வீடே அலறும், ஜன்னி என்பார்கள். உற்றுப் பார்த்தால் பிள்ளைக்கு நினைவு இருக்கும். கூப்பிட்டால் புரியும், பயத்தில் அழும். இது வலிப்பே அல்ல, அந்த மருந்தின் பக்கவிளைவு. புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரைமணிக்குள் கழுத்து நேராகிவிடும். போட்ட ஊசியின் பெயர் சீட்டில் இல்லாவிட்டால் அடுத்த டாக்டர் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

இனி மரபணு. இதில் ஒரு நோயை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பான மருந்து அதை முற்றவைக்கும். பிரான்ஸில் ஷார்லட் டிராவே 1978இல் விவரித்த டிராவே நோய். பதினையாயிரம் இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கு. நன்றாக இருந்த சிசுவுக்கு ஐந்து முதல் எட்டு மாதத்தில் முதல் வலிப்பு. லேசாக உடம்பு சுட்டாலே போதும், சில சமயம் வெந்நீரில் குளிப்பாட்டினாலே வரும். சாதாரண ஜன்னி போல இரண்டு நிமிடத்தில் அடங்காது. அரைமணி, ஒரு மணி நேரம் இழுக்கும். ஒரு முறை இடப்பக்கம் மட்டும், அடுத்த முறை வலப்பக்கம் மட்டும். முதல் ஆண்டில் பிள்ளை தவழ்வதும் சிரிப்பதும் சரியாக இருக்கும், ஸ்கேன் சுத்தமாக இருக்கும். இரண்டாவது வயதில் காய்ச்சல் இல்லாமலும் வரத் தொடங்கி, பேச்சும் நடையும் பின்தங்கும்.

2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டார்கள். எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பழுது. மூளையின் துடிப்பை அடக்கும் நரம்பணுக்களில் சோடியம் நுழையும் வாசல் அதனால் சரியாக வேலை செய்வதில்லை. ஏற்கெனவே பழுதான அந்த வாசலை இன்னும் அடைக்கும் ஃபெனிட்டாய்ன், கார்பமசபைன், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் வலிப்பு கூடும். வால்ப்ரோயேட், குளோபசாம் போன்றவை பொருந்தும். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் சில வாரத்தில் முடிவு வரும். பழுது பெரும்பாலும் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவது. யாருடைய குற்றமும் இல்லை, சொந்தத்தில் கட்டியதால் வந்ததும் இல்லை.

தடுப்பூசியோடு இந்த நோய்க்கு ஒரு பழைய வழக்கு உண்டு. முதல் வலிப்பு வரும் வயதும் ஊசி போடும் வயதும் ஒன்று. ஊசிக்குப் பின் வரும் லேசான காய்ச்சலே போதும். 'ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரிதான் வந்துச்சு' என்று தாய் சொல்வது பொய்யில்லை. ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிச் குழுவினர், தடுப்பூசியால் மூளை கெட்டது என்று சொல்லப்பட்ட 14 பேரைச் சோதித்து 2006இல் எழுதினார்கள். 11 பேரிடம் எஸ்.சி.என்.1ஏ பழுது. ஊசி போடாவிட்டாலும் அடுத்த சளிக்காய்ச்சலில் அந்த நோய் வந்தே தீர்ந்திருக்கும். கிராம சுகாதார செவிலியர் மேல் கோபப்படுகிற குடும்பத்துக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே பெர்கோவிச்சும் இங்க்ரிட் ஷெஃபரும் 1997இல் விவரித்த இன்னொரு வகை குடும்பம் குடும்பமாக வருவது. அப்பா, அத்தை, அத்தை பிள்ளை என்று பலருக்கும் சிறுவயதில் ஜன்னி. சிலருக்கு ஆறு வயது தாண்டியும் காய்ச்சலில் வரும். பெரும்பாலும் தணிந்த நோய். பெண் குழந்தைகளுக்கு மட்டும் காய்ச்சலின்போது ஒரே நாளில் பத்துத் தடவை, அடுத்த நாளும் அப்படியே என்று கொத்தாக வந்தால் பி.சி.டி.எச்.19 என்ற மரபணுவை நினைக்க வேண்டும். அந்தப் பழுதைச் சுமக்கும் அப்பனுக்கு வலிப்பே வந்திருக்காது என்பது இதன் விசித்திரம்.

உறவுத் திருமணத்தின் பங்கு வேறு வகை நோய்களில் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் ரத்த உறவில் கட்டியவர்கள். நாட்டிலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்ற முறை கரிசலிலும் ஆழமாக வேரோடியது. அதைக் குற்றமாகச் சொல்ல நான் வரவில்லை. இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் மட்டுமே தோன்றும் நோய்கள் இங்கே கூடுதலாகக் கண்ணில் படும் என்பது கணக்கு. பயோட்டினிடேஸ் குறைபாடு, பி6 வைட்டமின் சார்ந்த வலிப்பு, பயோட்டினும் தயமினும் கொடுத்தால் தணியும் ஒரு மூளை நோய் என்று இவற்றில் சில, காய்ச்சலோ பட்டினியோ வரும்போது திடீரென்று வெளிப்படும். மருந்து என்று பார்த்தால் வைட்டமின்தான். முதல் சில நாட்களிலேயே கொடுத்தால் பிள்ளை பிழைக்கும். நாள் கடந்தால் மூளை திரும்பாது. 'மூத்தது மாந்தத்துல போச்சு' என்று பாட்டி போகிற போக்கில் சொல்வதை டாக்டர் நிறுத்திக் கேட்க வேண்டும். அந்த மாந்தம் இந்த நோயாக இருந்திருக்கலாம். ஈரலும் சேர்ந்து கெடும் ஒருவகை மைட்டோகாண்டிரியா நோயில் வால்ப்ரோயேட் உயிருக்கே உலைவைக்கும் என்பதாலும் இந்தக் கேள்வி முக்கியம்.

வெந்நீர் வலிப்பு தென்னிந்தியாவுக்கே உரியது என்று சொல்லுமளவு இங்கே அதிகம். தலையில் சொம்பு சொம்பாக வெந்நீரை ஊற்றிக் குளிப்பாட்டும்போது பிள்ளை கண் செருகிச் சரியும். பெங்களூரு நிம்ஹான்ஸின் சதீஷ்சந்திரா குழு 1988இல் 279 நோயாளிகளை வைத்து எழுதியது இதற்குப் பெரிய சான்று. பெரும்பாலோர் கர்நாடகத்தின் தென்பகுதியினர், தமிழ்நாட்டிலும் வருகிறது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்பே காய்ச்சல் ஜன்னி வந்திருக்கும். பாட்டிமார் மனம் நோகாமல் சொல்ல வேண்டியது ஒன்றே: தண்ணீரின் சூட்டைக் குறையுங்கள், தலையில் ஊற்றாமல் துடைத்துவிடுங்கள்.

மிக அரிதானவை இரண்டு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்து, ஓரிரு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் எந்த மருந்துக்கும் அடங்காத தொடர் வலிப்பு தொடங்கும். 2010 முதல் அதற்கு ஃபயர்ஸ் என்று பெயர். ஃப்ளூ காய்ச்சலின்போது மூளையின் நடுப்பகுதி இருபுறமும் ஒரே மாதிரி அழுகுவதை 1995இல் ஜப்பானின் மிசுகுச்சி விவரித்தார். அது சில குடும்பங்களில் மரபணு வழியாகவும் வரும். இரண்டுக்கும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவுதான். தாமதிக்காமல் அனுப்புவதே கீழ்நிலை மருத்துவமனையின் வேலை.

கோவில்பட்டியில் இருப்பது மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கும் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கும் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். விளாத்திகுளத்துக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு இன்னும் தூரம். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலே மருந்தால் நிறுத்த வேண்டும். மூக்கில் பீய்ச்சும் மிடசோலம் அதற்குப் போதும், குத்தத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதுவும், சர்க்கரை பார்க்கும் கீற்றும், டாக்சிசைக்ளினும், அசித்ரோமைசின் சிரப்பும் எந்நேரமும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள். பெரிய செலவு இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவு. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், மணியைப் பாருங்கள். ஒருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. டாக்டரிடம் போகும்போது கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன தடவினீர்கள், என்ன ஊசி போட்டார்கள், காட்டுக்குப் போனதா, நீங்கள் இருவரும் சொந்தமா, முந்தின பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, அன்றே மறுபடி வந்தாலோ, அரைமணியாகியும் தெளியாவிட்டாலோ, பிள்ளை ஆறு மாதத்துக்குக் கீழோ ஐந்து வயதுக்கு மேலோ என்றாலோ, ஜன்னி என்று யார் சொன்னாலும் அதை ஏற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம்.